வெறுங்கால் பெஞ்சு

“அப்போ பீரங்கி வெடிக்கவே வெடிக்காதா?”

“அதான் சொன்னேனே. மருந்து நமத்துப் போச்சு.”

“போன வருஷம் தூறல்லகூட வெடிச்சீங்களாமே சார்?”

“இந்த வருஷம் வெடிக்காது. விடுங்களேன்.”

கேட்டவர் ஏட்டு. பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து, விடிந்ததுமே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பாதுகாப்பு வேலைக்கு வந்திருந்தார். பதில் சொன்னவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற நாளெல்லாம் நில அளவை அலுவலகத்தில் வேலை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், இந்தப் பழைய கோட்டையில், என்றோ நடந்த ஒரு போரை நடித்துக் காட்டும் பன்னிரண்டு பேருக்கு அவர் படைத்தலைவர். பேசும்போது ஒரு காலைப் பீரங்கிச் சக்கரத்தின் மேல் தூக்கி வைத்திருந்தார். சுவரில் மாட்டிய தளபதிப் படம்போல இருந்தது.

“வீட்டுல பசங்ககிட்ட வேற சொல்லிட்டு வந்தேன்,” என்று முணுமுணுத்தபடி ஏட்டு பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சற்றுத் தள்ளி, கோட்டை மதிலில் சாய்ந்து இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். திருட்டு வழக்குகளில் பெயர் எடுத்த பெண். இன்று கயிறு கட்டிக் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் வேலை. கொட்டாவியை டம்ளருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உடை அறைப் பக்கமிருந்து குரல் கேட்டது.

“ஐயோ, ஒண்ணுகூட இல்லையே!”

காலை ஏழரை மணி.

*

உடை அறை ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்த இடம். கனத்த சுவர், ஒரே கதவு, மார்பு உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு கொடிக்கயிறு. அதில் நேற்று மாலை பதின்மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறைகள் ஈரத்தோடு தொங்கின. இப்போது கயிறு மட்டும் இருந்தது.

வாசலில் தையலக்கா நின்றார். குழுவின் உடுப்பு முழுவதும் அவர் பொறுப்பு. கையில் சாவி இருந்தது.

“எத்தனை சாவி?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“ஒண்ணுதான்.”

“யார்கிட்ட?”

“என்கிட்ட. இடுப்புல சொருகிட்டுத்தான் படுத்தேன்.”

“பூட்டை யார் திறந்தது?”

“நான்தான். இப்பதான்.”

“பூட்டு உடைஞ்சிருந்ததா?”

“இல்லைம்மா. நல்லாதான் இருந்தது.” சொன்ன பிறகுதான் அந்தப் பதில் தன் கழுத்தில் விழுவது அவருக்கு உறைத்தது.

பின்னால் கூடியிருந்தவர்களில் உயரமானவர் முன்னால் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். குழுவில் கேப்டனுக்கு அடுத்த இடம்.

“அப்புறம் என்ன மேடம் விசாரணை? போன வருஷம் இவங்க தம்பியை வெளியே அனுப்பினோம், இந்த வருஷம் அக்கா கணக்குத் தீர்த்துட்டாங்க.”

“எந்தத் தம்பி?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம், கழுத்தில் முரசு மாட்டியிருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நம்ம பந்து,” என்றார் வாத்தியார்.

கதை இதுதான். இந்தக் குழுவில் சேர வேண்டுமென்றால் முதலில் தன் காலுறையைத் தானே பின்ன வேண்டும். பின்னாதவனுக்குத் துப்பாக்கி கிடையாது, முரசும் கிடையாது. அது கேப்டன் போட்ட சட்டம். வாத்தியார் பின்னியதில் இடது கால் வலதைவிட நாலு விரல் நீளம்; அதையும் பெருமையாகத்தான் போட்டுக்கொள்வார். போருக்கு முன் எல்லோரும் ஒரு நீள பெஞ்சில் வெறுங்காலோடு வரிசையாக உட்காருவார்கள். ஒரே நேரத்தில் காலுறையை ஏற்றுவார்கள். கேப்டன் ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டு, முழங்காலுக்குக் கீழே பட்டியை இறுக்கிக் கட்டிவிடுவார். கடைசியில் தானும் உட்கார்ந்து கட்டிக்கொள்வார். வெறுங்கால் பெஞ்சு என்று அதற்குப் பெயர்.

போன வருஷம் முரசுக்காரன் பெஞ்சில் கட்டியதை மறைவில் போய்க் கழற்றிவிட்டு, கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் நீளச் சாக்ஸை மாட்டிக்கொண்டான். அணிவகுப்பு நடுவில் மடிப்பு இறங்கி, இரண்டு நீலக்கோடுகள் தெரிந்துவிட்டன. கேப்டன் அணிவகுப்பை நிறுத்தினார். “வேஷம் போட வந்தவன் வேற, அந்தக் காலத்தை மதிக்கிறவன் வேற. போயிட்டு வா,” என்றார். கூட்டம் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் பந்து. ஒரு வருஷம் கெஞ்சி இந்த முறைதான் மறுபடி உள்ளே வந்திருக்கிறான்.

“அம்மா, நான் எடுக்கலை,” என்றார் தையலக்கா. “இந்த வாத்தியார் பள்ளிக்கூடத்துச் சீருடையெல்லாம் நான்தான் தைக்கிறேன். திருட்டுப் பட்டம் வந்தா அப்புறம் யாரும்மா என்கிட்ட துணி கொடுப்பாங்க?”

“அதை எடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்,” என்றார் வாத்தியார்.

“உங்க பையைக் காட்டுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

தையலக்கா பையைக் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்த ஒரு நொடித் தயக்கம் இன்ஸ்பெக்டருக்குப் போதுமானதாக இருந்தது. பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தார். கத்தரி, நூல்கண்டு, சாப்பாட்டு டப்பா. அவற்றின் மேல் மெத்தென்று வந்து விழுந்தது பெண்கள் போடும் பழுப்பு நிற டைட்ஸ் ஒன்று.

இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிப் பிடித்தார். இடுப்புவரை இருக்கும் முழு நீளம். பின்பக்கம் குதிகாலிலிருந்து மேலே, கையால் போட்ட ஒரு தையல் ஓடியது, பழைய காலத்துக் காலுறையில் இருப்பதுபோலவே.

“இது யாருக்கு?”

சுவரோரம் இருந்து தம்பி சொன்னான்.

“எனக்குத்தான். கம்பளி பட்டா எனக்குக் கால் முழுக்கத் தடிச்சுப் போகும். சொறிஞ்சு ரத்தம் வரும். பெஞ்சு முடிஞ்சதும் உள்ளே இதைப் போட்டுக்கிட்டு, மேலே கம்பளியைப் போட்டுக்கன்னு அக்கா தைச்சுது.”

ஒருவன் சிரித்தான். அப்புறம் பத்து பேர். “பந்து போய் இப்போ மேடை நடனமா?” என்றது ஒரு குரல். தையலக்கா டைட்ஸை இன்ஸ்பெக்டர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, நான்காக மடித்து, டப்பாவுக்கு அடியில் வைத்தார். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டரின் காது மடல் சூடேறியது. இருபது வருஷத்தில் எத்தனையோ பைகளைக் கவிழ்த்திருக்கிறார். இதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கவிழ்த்திருக்கலாம்.

கேப்டன் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“நேரமாகுது. பதினொரு மணிக்குக் கூட்டம் வந்துடும். இன்னைக்கு பெஞ்சு வேண்டாம். கடையில கிடைக்கிற எதையாவது வாங்கிட்டு வந்து அவரவர் போட்டுக்குங்க.”

வாத்தியாரின் வாய் திறந்தபடியே இருந்தது. “கடையிலயா? நீங்களா சொல்றீங்க?”

“வேற வழி?” என்று சொல்லிவிட்டுக் கேப்டன் தன் கூடாரத்துக்குப் போனார். அவசரத்தில் ஒரு காலை லேசாக இழுத்தபடி நடந்தார்.

*

கூட்டம் கலைந்ததும் இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். மரக் கிளிப்புகள் சிதறிக் கிடந்தன. சில சுவரோரம், சில அறையின் நடுவில், இரண்டு ஜன்னலுக்குக் கீழே. கயிற்றிலும் சில இருந்தன; அவற்றின் வாயில் சாம்பல் நிறக் கம்பளி இழை ஒட்டியிருந்தது.

“அக்கா, நீங்க துணி எடுக்கும்போது கிளிப்பை என்ன பண்ணுவீங்க?”

“அழுத்தி எடுத்து முந்தானையில போட்டுக்குவேன். ஏம்மா, கிளிப்பும் போச்சா?”

“இல்லை. எல்லாம் இருக்கு.”

ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. ஒரு கம்பியில் பஞ்சு போலக் கம்பளி சிக்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். கயிறு வெகு தூரத்தில் இருந்தது. வெளியே சாய்த்து வைத்திருந்த நாடகத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, குழாயைத் துடைக்கும் கம்பியை உருவி நீட்டினார். இன்னும் ஒரு முழம் போதவில்லை.

*

ஒன்பதரைக்கு ஏட்டு ஜீப்பில் திரும்பி வந்தார். இரண்டு கைகளிலும் பைகள், முகத்தில் அவமானம்.

“மேடம், இனிமே என்னை இந்த மாதிரி வேலைக்கு அனுப்பாதீங்க. லேடீஸ் கடையில போய் ‘ஆம்பளைக்கு டைட்ஸ் வேணும், பெரிய சைஸா கொடுங்க’ன்னு கேட்டேன். யூனிஃபார்மோட. அந்தப் பொண்ணு, ‘உங்களுக்கா சார்?’னு கேக்குது.”

மேஜையில் கொட்டினார். கால்பந்துச் சாக்ஸ் ஆறு ஜோடி. பள்ளிப் பிள்ளைகளின் நீளச் சாக்ஸ். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காலில் மாட்டும் உறை. கறுப்பு டைட்ஸ். இரண்டு லெக்கிங்ஸ்.

எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, யாரைக் கேட்பது என்று தெரியாமல், தையலக்காவைப் பார்த்தார்கள்.

தையலக்கா ஊசியை எடுத்தார்.

“கால்பந்துச் சாக்ஸை உள்வெளியாத் திருப்பிப் போடுங்க. கோடும் கம்பெனிப் பேரும் உள்ளே போயிடும். உள்பக்க நூல் தொங்கறதுதான் தூரத்துலேர்ந்து பார்த்தா கம்பளி மாதிரித் தெரியும். டைட்ஸ் போடறவங்க ரெண்டு போடுங்க, ஒண்ணுன்னா தோல் மினுமினுக்கும். லெக்கிங்ஸ்காரங்க பாதத்துல போட்ட சாக்ஸ் தெரியாம ஷூவை இறுக்குங்க. எல்லாரும் பட்டியை மறக்காம கட்டுங்க. பட்டி கட்டிட்டா பாதிக் குறை மறைஞ்சிடும்.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “வாத்தியார், காலை நீட்டுங்க. பின்தையல் போடணும்.”

வாத்தியார் நீட்டினார். தான் திருடி என்று சொன்ன பெண் தன் கெண்டைக்காலுக்குப் பின்னால் ஊசியோடு குனிந்திருந்தது அவருக்கு அவ்வளவு வசதியாக இல்லை.

“இந்த மடிப்புதான் போகமாட்டேங்குது,” என்று தையலக்கா தனக்குள் பேசிக்கொண்டார். “அட்டையில மடிச்சு வச்சது அப்படியே விழுந்திருக்கு. இஸ்திரி போடவும் நேரமில்லை.”

உண்மைதான். வரிசையாக நின்ற எல்லாக் கால்களிலும், கெண்டைக்கால் நடுவில் குறுக்கே ஒரு கோடு. காகிதத்தை மடித்துப் பிரித்ததுபோல.

அப்போது கேப்டன் கூடாரத்திலிருந்து வந்தார். முழங்கால்வரை கால்சட்டை, அதற்குக் கீழே சுருக்கமே இல்லாத வெள்ளைக் காலுறை, வார்ப்பூட்டு வைத்த ஷூ.

“எங்கே சார் பிடிச்சீங்க?” என்றார் வாத்தியார். “பட்டுக் காலுறை மாதிரியே இருக்கு. உங்க கால் மட்டும்தான் அந்தக் காலத்துக் கால்!”

“முனையில இருக்கிற மெடிக்கல் ஷாப்ல. இப்பதான் வாங்கினேன். எலாஸ்டிக் போட்டது.”

“பட்டி கட்டலையா?”

“இது தானா நிக்கும்.”

எல்லோரும் அந்தக் கால்களை மெச்சினார்கள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு ஏட்டிடம் திரும்பினார்.

“ஏட்டய்யா, பீரங்கி வெடிக்காதுன்னு கேப்டன் உங்ககிட்ட எப்போ சொன்னார்?”

“டீ குடிக்கிறப்ப மேடம். அக்கா கத்துறதுக்கு முன்னாடி.”

“உங்க பஞ்சு நனைஞ்சிருந்ததா?”

“பஞ்சா?” ஏட்டு சட்டைப்பையில் கைவிட்டார். “ராத்திரி முழுக்க ஜீப்ல வெளியிலதான் கிடந்தது. காய்ஞ்சுதான் இருக்கு. ஏன் மேடம்?”

“சும்மா.”

*

பீரங்கியின் அடியில் தார்ப்பாயால் மூடி ஒரு நீளக் கம்பு இருந்தது. குழாய்க்குள் தங்கிவிடும் கந்தலை இழுக்கப் பயன்படுவது. முனையில் பன்றிவாலைப்போல் இரட்டைச் சுருளாக இரும்பு. இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கியபோது கேப்டன் பின்னாலேயே வந்துவிட்டார். கூப்பிட்டு அனுப்பியது இன்ஸ்பெக்டர்தான்.

சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

“நீங்களே எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?”

இன்ஸ்பெக்டர் கம்பைப் பீரங்கியின் வாய்க்குள் விட்டுத் திருகி இழுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு காலுறை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. நாலு விரல் நீளமானது.

“வாத்தியாருடையது,” என்றார் கேப்டன், ஏதோ அதுதான் முக்கியம் என்பதுபோல.

“கதவு பூட்டியிருந்தது, சாவி ஒண்ணுதான்னு எல்லாரும் கதவையே பார்த்துட்டிருந்தாங்க. உள்ளே போய் எடுத்திருந்தா கிளிப்பை அழுத்தி எடுத்திருப்பாங்க. பாதி கிளிப் தெறிச்சுத் தரையில கிடக்கு, மீதி கிளிப் வாயில கம்பளி. யாரோ வெளியே நின்னு ஜன்னல் வழியா இழுத்திருக்காங்க. துப்பாக்கிக் கம்பி எட்டலை. இந்தக் கம்புதான் எட்டும், சுருள்ல கம்பளியும் சிக்கும். இது இருக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும்தான். ஆனா காலுறை போனது தெரியறதுக்கு முன்னாடியே பீரங்கி வெடிக்காதுன்னு சொன்னது ஒருத்தர்தான். மருந்து நமத்துப் போகிற அளவுக்கு ஈரமே இல்லாத நாள்ல.”

“எரிஞ்சு போயிடக் கூடாதுன்னுதான்,” என்றார் கேப்டன். “எல்லாரும் கையால பின்னினது. சாயங்காலம் கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் கொடுத்துடலாம்னு இருந்தேன்.”

“இதெல்லாம் யாருன்னுதான் சொல்லுது, ஏன்னு சொல்லலை,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க காலைப் பார்த்ததும் அதுவும் தெரிஞ்சது. இன்னைக்குப் புதுசா வாங்கின எல்லாக் காலுறையிலயும் அட்டை மடிப்பு இருக்கு. உங்களுதுல இல்லை. ஷூ உரசற இடத்துல நூல் திரண்டு உருண்டை உருண்டையா இருக்கு. அது இன்னைக்கு வாங்கினது இல்லை சார். மாசக்கணக்கா தினமும் துவைச்சுப் போடறது.”

கேப்டன் பீரங்கி வண்டியின் கட்டைமேல் உட்கார்ந்தார்.

“நரம்பு சுருட்டிக்கிச்சு. கணுக்கால்கிட்டப் புண்ணு. எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் இதைக் கழட்டக் கூடாதுங்கறார் டாக்டர். பட்டி இறுக்கவே கூடாதாம். அந்த பெஞ்சுல வெறுங்காலோட நான் எப்படி உட்காருவேன்? போன வருஷம் ஒரு பையனை, அத்தனை பேர் முன்னாடி...” முடிக்காமல் நிறுத்தினார். “எல்லாரும் கடைச் சரக்கு போட்டா, கூட்டத்தோட கூட்டமா என்னுதும் போயிடும்னு நினைச்சேன். அந்தச் சாவி விஷயம் எனக்குத் தோணவே இல்லை. சத்தியமா தோணலை.”

“பையைக் கவிழ்த்தப்ப தோணியிருக்குமே.”

அவர் ஷூவின் வார்ப்பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கேள்வி தன்மேலேயே திரும்பி விழுந்ததுபோல் இருந்தது. கவிழ்த்த கை அவருடையதுதான். இன்னொருவரையும் அதேபோல் மேஜைமேல் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை.

“நான் சொன்னா அது போலீஸ் சொன்னதா ஆயிடும்,” என்றார். “நீங்க சொன்னா வேற. ஆனா சொல்லித்தான் ஆகணும். கூட்டம் வர்றதுக்குள்ள.”

*

வாயிற்கதவுக்கு வெளியே குழந்தைகளின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. கேப்டன் காலுறைகளை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு உடை அறைக்கு வந்தார். கூடையைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவர் பதில் சொல்லாமல் நீள பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். இடது காலின் வெள்ளைக் காலுறையை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல உருட்டி இறக்கினார்.

பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

கெண்டைக்கால் முழுக்க ஊதா நிறத்தில் கயிறு திரித்ததுபோல் நரம்புகள். கணுக்காலுக்கு மேலே ஒரு கறுத்த வட்டம், அதன் நடுவில் மருந்து வைத்த துணி.

“நான்தான் எடுத்தேன்,” என்றார். “இதை நீங்க பார்த்துடக் கூடாதுன்னு எடுத்தேன். ஜன்னல் வழியா, பீரங்கிக் கம்பால. அக்காவுக்கு இதுல எதுவும் தெரியாது.”

பெஞ்சு கிறீச்சிட்டது. ஏட்டு காதில் பஞ்சு இல்லாததற்கு முதல்முறையாக வருத்தப்பட்டவர்போல வெளியே பார்த்தார்.

வாத்தியார் பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார். “அக்கா, நான் காலையில...”

“வாத்தியார்,” தையலக்கா கூடையிலிருந்து அவருடைய ஜோடியை எடுத்து அவர் மடியில் வைத்தார். “நீளமானது இடது கால். மாத்திப் போட்டுக்காதீங்க.”

யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில் போனார். “அம்மா, பையை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.” வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தச் சொல்லை யாரிடமும் அவர் சொன்னதில்லை. சீருடையில் அது சரியாகப் பொருந்தவில்லை என்று அவருக்கே தோன்றியது.

தையலக்கா தலையை மட்டும் அசைத்தார். பிறகு கேப்டனிடம் திரும்பினார்.

“பை கவிழ்ந்தப்ப நீங்க வாசல்ல நின்னீங்க.”

“நின்னேன்.”

“பார்த்தீங்க.”

“பார்த்தேன்.”

“சரி,” என்றார் தையலக்கா. கூடையில் மிச்சமிருந்த ஜோடிகளை ஒவ்வொன்றாக உதறி, யார் யாருடையது என்று பார்த்து, அவரவர் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். கேப்டனுடையதையும் வைத்தார். அவர் முன் ஒரு நொடிகூடக் கூடுதலாக நிற்கவில்லை.

கேப்டன் வெள்ளைக் காலுறையை மறுபடி மேலே ஏற்றினார். அது சுலபமாக ஏறவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மூச்சு வாங்கி இழுக்க வேண்டியிருந்தது. அதன் மேல் தன் கம்பளியை மாட்டினார். பட்டி கையிலேயே இருந்தது. இத்தனை வருஷமாக எல்லோர் காலிலும் பட்டி கட்டிய கை அது.

சுவரோரம் முரசுக்காரன் நின்றுகொண்டிருந்தான். குச்சிகள் இரண்டும் அவன் கைப்பிடியில் இறுகியிருந்தன. வெளியே வாயிற்கதவைத் திறந்துவிட்டார்கள்; சனம் உள்ளே வரும் இரைச்சல் கேட்டது.

“தம்பி,” என்றார் கேப்டன். பந்து என்று சொல்லவில்லை. நரைத்த தலையைக் குனிந்தபடியே பட்டியை அவன் பக்கம் நீட்டினார். “டாக்டர் இறுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீ கொஞ்சம் தளர்வாக் கட்டிவிடுறியா?”